பின்னட்டைத் தேதிகள்

— பின்னட்டையைத் திறந்து பாரும்மா. இந்தா, இதுலயும் இல்லை, இதுலயும் இல்லை. ஒரு தேதிகூட இல்லாம வெள்ளை வெளேர்னு இருக்கு!

— யாரும் எடுத்துட்டுப் போகலைன்னா வெள்ளையாத்தான் சார் இருக்கும்.

— நாளைக்குப் பத்து மணிக்கு வெளியூர்லருந்து எழுத்தாளருங்க வர்றாங்க, பத்திரிகைக்காரங்க வர்றாங்க. உன் லைப்ரரியில எங்க அக்கா பேர்ல ஒரு அறை திறக்கிறோம். வர்றவங்க அவ எழுதின புத்தகத்தை எடுத்ததும் பின்னாடிதான் திருப்புவாங்க. பிறந்த ஊருலயே ஒருத்தரும் படிக்கலைன்னு தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்.

— உள்ளதுதானே சார்.

— உள்ளதை உள்ளபடி சொல்றதுக்கு விழா எதுக்கும்மா? இங்க பாரு, கமிட்டித் தலைவரா சொல்லலை, தம்பியா கேக்கறேன். அந்தத் தேதி முத்திரையை எடு. புத்தகத்துக்குப் பத்துப் பதினஞ்சு போட்டு விடு.

— இது புது முத்திரை சார். வருஷம் பின்னாடி போகாது.

— பழசு இருக்கும்ல?

— இருக்கு.

— பின்ன என்ன? மூணு மாசமா இந்த விழாவுக்காக நாயா அலையறேன். மருந்துக்கடையை மருமகன் தலையில கட்டிட்டு அலையறேன்.

— பாக்கறேனே. உங்க அக்கா உசிரோட இருந்தப்ப ஒரே ஒரு நாள் இந்தப் படி ஏறி வந்திருந்தீங்கன்னா…

— குத்திக் காட்டாதம்மா.

— தப்புதான். மன்னிச்சுக்கங்க.

— உனக்குத் தெரியாது. மொதக் கதையிலயே எங்க அப்பாவை இழுத்து நடுத்தெருவுல விட்டா. அந்த மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்தார். அன்னைக்கு நிறுத்தினதுதான் பேச்சு. முப்பத்தோரு வருஷம். போன வருஷம் அவ போயிட்டான்னு தகவல் வந்து நான் கிளம்பிப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு, வீட்டைக் கழுவி விட்டுட்டாங்க.

— அந்தக் கதையை நீங்க படிச்சீங்களா சார்?

— சொன்னாங்க.

— யாரு?

— ஊருல சொன்னாங்க. படிச்சவங்க சொன்னாங்க.

— படிச்சவங்க யாருன்னுதான் நாம இவ்வளவு நேரமா தேடிக்கிட்டிருக்கோம்.

— சரி, நீதான் சொல்லேன். என்னதான் எழுதியிருக்கா?

— மக வேலை கிடைச்சு வெளியூர் போறா. அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து பெட்டியை ஏத்தி விட்டுட்டு, முறைச்சுக்கிட்டே போயிடறார். பஸ் திரும்பறப்ப பாத்தா, ஒரு தூணுக்குப் பின்னாடி நின்னு துண்டால வாயைப் பொத்திக்கிட்டு அழறார். அவ்வளவுதான் கதை.

— அப்பா அழுததையா எழுதினா?

— ஆமா.

— அவருக்கு அழத் தெரியும்னே எனக்குத் தெரியாதேம்மா.

— தண்ணி குடிக்கிறீங்களா?

— வேண்டாம். அந்தக் கீழ்த்தட்டை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன். அட, இதுல இருக்கே! தேதி நிறைய இருக்கே! இதுலயும்! அப்பாடா, யாரோ ஒரு புண்ணியவான் நாலு புத்தகம் படிச்சிருக்கான். எல்லாத்துலயும் ஒரே நம்பர். யாரும்மா இந்த இருநூத்தி எட்டு?

— அது நான் போட்ட முத்திரை சார்.

— நீதானேம்மா போடணும்?

— அப்படி இல்லை. யாரும் எடுக்கலை. நானா போட்டேன்.

— அடேங்கப்பா! இவ்வளவு நேரம் எனக்கு நியாயம் சொன்னியே!

— அப்ப அதைப் பாக்க அவங்க இருந்தாங்க. நாளைக்கு யாருக்காகப் போடச் சொல்றீங்க?

— அவ எங்க பாத்தா?

— வருஷத்துக்கு ஒருதரம் வருவாங்க சார். உங்கம்மா இறந்த தேதிக்கு. தனியா, ஒரு தோள்பையோட. லாட்ஜுல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போயிடுவாங்க.

— இந்த ஊருலயா? எந்த லாட்ஜு?

— உங்க கடைக்கு எதிர்ல இருக்கே, அதுதான். இறங்கினதும் நேரா இங்க வருவாங்க. அவங்க புத்தகத்தை ஒவ்வொண்ணா எடுத்து, பின்னட்டையைத் திறந்து பாத்துட்டு மூடி வெச்சுடுவாங்க. ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. மூணு வருஷம் பாத்தேன். இங்க பாதி நாள் நானும் மின்விசிறியும்தான் சார், யாரும் வரலையேன்னு ஏங்கற அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். நாலாவது வருஷம் மனசு தாங்கலை. அவங்க வர்றதுக்கு முந்தின நாள் முத்திரையை எடுத்துட்டேன்.

— பாத்தாளா?

— பாத்தாங்க. விரலால தடவிக்கிட்டே நின்னாங்க. தேதிக்குப் பக்கத்துல உறுப்பினர் நம்பர் எழுதணும் இல்லையா, சும்மா கிடந்த ஒரு பழைய கார்டு நம்பரை எழுதியிருந்தேன். "யாரும்மா இது?"ன்னாங்க. பேரைச் சொன்னேன். அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டாங்க.

— யார் பேரு?

— காலேஜ்ல படிக்கிறப்ப வாங்கின கார்டு சார். உங்களோடது.

— என்னோடதா?

— ஆமா. பொய்தான். ஆனா அந்தச் சந்தோஷத்தைப் பாத்தப்புறம் என்னால நிறுத்த முடியலை. வருஷா வருஷம் போட்டேன்.

— நான் படிக்கிறேன்னு நம்பிக்கிட்டேவா போய்ச் சேர்ந்தா? அப்புறம் ஏம்மா ஒரு நாள்கூட என் கடைக்கு வரலை? ரோட்டைத் தாண்டினா கடை!

— நானும் அதையேதான் சொன்னேன் சார், போய்ப் பாருங்களேன்னு. "வேண்டாம்மா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூச்சப்பட்டுக்கிட்டு படிக்கிறதையே நிறுத்திடுவான்"னாங்க.