மாடியில் மரியாதை, வாசலில் அம்மையார்

தாபோடித் தமிழ் மன்றத்தின் தலைமைப் பீடத்தை அலங்கரிக்கும் தகைசால் பெரியவர் பரமசிவம் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, கசார்வாடியிலிருந்தும் தளேகாவிலிருந்தும் லோக்கல் ரயிலில் நெருக்கியடித்து வந்து சேர்ந்த தாய்மார்களே, தமிழுக்குக் கைதட்டி மராட்டியில் பேசிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் தலைகுனிந்த வணக்கம்.

'நீண்ட ஆயுள்' என்ற தலைப்பில் பேச அழைத்தார்கள். எண்பதை எட்டிய கனகவல்லி அம்மையாருக்கு இன்று பொன்னாடை. பேனரில் அவர் படம் இருக்கிறது. மேடையில் அவருக்கு நாற்காலி இருக்கிறது. நாற்காலியில் அவர் இருக்கிறாரா? கீழே, மாடிப்படி ஓரம், நாம் செருப்புக் கழற்றிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். முட்டி மடங்கவில்லை, முதுகு நிமிரவில்லை. பாராட்டுக்கு உரியவரால் படியேற முடியுமா என்று நம்மில் ஒருவரும் யோசிக்கவில்லை.

என்ன, லிஃப்ட்டா? இந்தக் கட்டடத்தில் அது இருந்தால் நான் ஏன் ஐயா வெட்கப்பட வேண்டும்?

நம் சனிக்கிழமை பஜனையில் முதல் குரல் அவருடையது. ஜமுக்காளத்தில் சம்மணமிட முடியாமல் போனபோது மடக்கு ஸ்டூல் ஒன்று கொண்டுவந்தார். "சாமி படமே தரையிலதான் இருக்கு, நீங்க மட்டும் ஒசரத்துலயா மாமி?" என்றது ஒரு குரல். சொன்னது ஒருவர், தட்டிக் கேட்காமல் தாளம் தட்டியது நாம் அத்தனை பேரும். ஸ்டூலை மடக்கிக்கொண்டு போனவர் மறுபடி வரவில்லை. 'அந்த அம்மாவுக்குக் கர்வம்' என்றோம். வலிக்குக் கர்வம் என்று பெயர் வைத்த கூட்டம் நாம்.

மூட்டுவலியால் யாரும் சாவதில்லை என்று சமாதானம் சொல்கிறோம். சரி, வாழ்கிறார்களா? எண்பது என்று எண்ணுகிறோமே, அதில் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்த ஆண்டுகள் எத்தனை? கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே கழிந்த ஆண்டுகள் எத்தனை? 'வயசானா வலிக்கத்தான் செய்யும்' என்று சொல்லியே மருத்துவரிடம் கூட்டிப்போகாமல் விட்டோம். உடம்பு முடங்குமுன் அவர்களை உறவிலிருந்து ஒதுக்கி முடக்கினோம்.

சற்றுமுன் நம் செயலாளர் சந்துருவும் மூன்று இளைஞர்களும் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவரப் போனார்கள். "வேண்டாம்பா. நாலு பேர் தூக்குறது ஒரு தடவைதான். அதுக்கு இன்னும் நாள் இருக்கு. நீங்க நடத்துங்க, மைக் சத்தம் இங்கயே நல்லாக் கேக்குது" என்றார்.

பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். கேட்டுவிட்டும் படியேறி வந்தேன். வெட்கக்கேடு!

தலைவர் அவர்களே, அந்தப் பொன்னாடையைக் கையில் எடுங்கள். சபையோரே, எழுந்திருங்கள். வலியை மறைத்துக்கொண்டு ஏறிவந்த முன்வரிசைப் பெரியவர்களுக்குத் தோள் கொடுங்கள், அவசரமில்லை.

கனகவல்லி அம்மா, நான் பேசுவது உங்களுக்குக் கேட்கும். மன்னியுங்கள் என்று சொல்லக்கூட எங்களுக்கு வாயில்லை. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நாங்கள் இறங்கி வருகிறோம்.

இதுவரை பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. விடைபெறும் வணக்கத்தை வாசலில் வந்து சொல்கிறேன்.