நானும் வெண்டலும் பிடித்த சங்கிலி

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் நான் நம் பள்ளிச் சமையலறையில்தான் சாப்பிடுவேன், பிரின்சிபல் அம்மா. மிளகாய் போட்ட பீன்ஸ் கறி, கூடவே பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருள். நெப்ராஸ்கா முழுக்கப் பள்ளிக்கூடங்களில் இதுதான் ஜோடி. ஆனால் நம்முடையதைப்போல ரொட்டி வேறெங்கும் இவ்வளவு அகலமாக வராது. சரியாக ஐந்து அங்குலம். அளந்திருக்கிறேன்.

நீங்கள் பாட்டு டீச்சராக இருந்து இந்த நாற்காலிக்கு வந்தவர். ஆட்டத்தின்போதும் பேண்டு வாசிக்கிற பிள்ளைகளைத்தான் பார்ப்பீர்கள். அதனால் நம் அமெரிக்க ஃபுட்பாலை, பந்தைக் கையில் சுமந்து ஓடுகிற இந்த ஆட்டத்தை, விளக்கிவிடுகிறேன். நாலு வாய்ப்புக்குள் பந்து பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு வாய்ப்பு கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பத்து ஆயிற்றா இல்லையா என்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் நிற்கிற இரண்டு பேர் சங்கிலியை உள்ளே கொண்டுபோய் அளப்பார்கள். சங்கிலியின் இரு முனையிலும் கம்பு இருக்கும். முன்கம்பு எனக்கு, பின்கம்பு வெண்டல் நோவாசெக்குக்கு. இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

சங்கிலி என் கொட்டகையில் இருக்கும். யாரும் அதை அளந்து பார்த்ததில்லை. எல்ராய் ஷ்டம்ப் வீட்டில் இருக்கிறதென்றால் கவலையில்லை என்பார்கள். அந்த நம்பிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வெண்டலுக்கும் எனக்கும் பகை ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு கருத்து வேறுபாடு, ரீஸ் வாவ்ரா. நம் அணியில் பந்தைச் சுமந்து ஓடுகிற பையன். ஒவ்வொரு தடவையும் இரண்டரை கெஜம், மேலே ஓர் அங்குலம் ஓடுவான். அப்புறம் விழுவான். எழுந்து மறுபடி இரண்டரை கெஜம், ஓர் அங்குலம். நாலு தடவை விழுந்து எழுந்தால் பத்து கெஜமும் நாலு அங்குலமும் ஆகியிருக்கும். அணி பிழைத்துவிடும். பார்க்கிறவனுக்குத் தூக்கம் வரும்.

"விழுறப்பகூட முன்னாடிதான்டா விழுறான். ஒரு தடவையாவது பின்னாடி போயிருக்கானா? அவன் தங்கம்டா," என்பான் வெண்டல். வைக்கோல் கட்டு கூடத்தான் முன்னால் தள்ளினால் முன்னால் விழும் என்பேன் நான். ஓட்டக்காரன் என்றால் எதிராளி மூன்று பேரை ஏமாற்றிவிட்டு நாற்பது கெஜம் பறக்க வேண்டும். இவன் ஊர்கிறான். அணிக்கு உபயோகம்தானே முக்கியம் என்பான் அவன். உபயோகம் என்றால் டிராக்டரை இறக்கலாமே என்பேன். இப்படியே சங்கிலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு வருஷம் பேசினோம்.

உங்கள் அறைக்கு வெளியே ஒரு பலகை இருக்கிறது. ஒரே வருஷத்தில் அதிக கெஜம் ஓடியவர் பெயர் அதில் இருக்கும். 1978 என்று போட்டு எழுதியிருக்கிற பெயர் யாருடையது என்பதற்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை. ரீஸ் அந்தக் கணக்கை இந்த வருஷம் தாண்டிவிடுவான் என்று எல்லோரும் பேசிக்கொண்டதற்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்டில் சர்ச் விருந்து நடந்தது. நம் ஊர் பார்த்ததிலேயே சிறந்த ஓட்டக்காரன் ரீஸ்தான் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றான் வெண்டல். கூடமே தூக்கியது. என் மனைவி டார்லீனும் தூக்கினாள். ஒரு கையில் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணம் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ஊர் முழுக்கத் தப்பாக நினைக்கும்போது யாராவது ஒருவர் உண்மையை எடுத்துக்காட்ட வேண்டாமா?

மறுநாள் மாட்டுத் தொழுவக் கதவுச் சங்கிலியிலிருந்து இரண்டு வளையத்தைக் கழற்றினேன். ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம். பந்தயச் சங்கிலியின் நடுவே அவற்றைக் கோத்து, அதே ஆரஞ்சு பெயிண்ட் அடித்து, இரண்டு நாள் காயவைத்தேன். அவசரப்பட்டுச் செய்த காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பாரபட்சமும் கிடையாது. இரண்டு அணிக்கும் அதே சங்கிலிதான். எதிரணிக்காரர்கள் பந்தை இருபது கெஜம் தூரம் எறிகிறவர்கள், அவர்களுக்கு ஐந்து அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. நம் ஊரில் பத்தொன்பது தடவை உள்ளே போய் அளந்தோம். பதினேழு தடவை ரீஸுக்கு ஓர் அங்குலம் குறைந்தது. நடுவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தூக்கிக் காட்டுவார். கூட்டம் அப்படியே உட்காரும். வெண்டல் கண்ணைத் துடைத்துக்கொள்வான், நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுப்பேன். பாருங்கள், வேண்டிய நேரத்தில் ஓர் அங்குலம் ஓட முடியவில்லை என்று ஊரே பேச ஆரம்பித்தது. டார்லீன்கூட, "நீங்க சொன்னது சரிதான் போல," என்றாள்.

ஒருநாள் ரீஸ் என்னிடம் வந்தான். மூக்கில் புல் ஒட்டியிருந்தது.

"சங்கிலிக்குப் பக்கத்துல நிக்கிறது நீங்கதான் சார். நான் இன்னும் எவ்வளவு நீட்டணும்?"

"ஓர் அங்குலம் தம்பி," என்றேன்.

பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னேன். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் ரீஸுக்கு இலவசப் படிப்பு கிடைக்கும், இல்லையென்றால் அப்பாவோடு மாட்டிறைச்சி ஆலைதான். வெண்டல் அவருக்குப் பக்கத்தில் நின்று பையனைப் புகழ வேண்டுமென்று கம்பை மாற்றிக்கொள்ளச் சொன்னான். மாற்றிக்கொண்டேன். அங்கேதான் தவறிவிட்டேன். மைதானத்தில் கெஜக் கணக்குக்கு வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கும். பந்து சரியாகக் கோட்டின் மேல் வைக்கப்படும் நேரங்களில் முன்கம்புக்காரன் சங்கிலியைக் கொஞ்சம் தொய்யவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்து கெஜம் தள்ளியிருக்கிற அடுத்த கோட்டைக் கம்பு தாண்டிவிடும். இது எனக்குத் தெரியும். வெண்டலுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு தடவை ஓர் அங்குலம் குறைந்தது. பயிற்சியாளர் நோட்டை மூடிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் பந்து முப்பதாம் கோட்டில் வைக்கப்பட்டது. வெண்டல் நாற்பதாம் கோட்டில் கம்பை ஊன்றப்போய்க் குனிந்து பார்த்தான். கம்பு கோட்டைத் தாண்டி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆட்டம் முடிந்ததும் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அவனப் பத்தி நீ என்ன வேணா பேசு, கேட்டுக்கிறேன்," என்றான். "சங்கிலில கை வைக்கலாமா எல்ராய்?"

நேரே உங்களிடம் வந்துவிட்டான். இப்போது என் கொட்டகையில் சங்கிலி இல்லை. அது தொங்கின ஆணி வெறுமனே இருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

செய்தவனே எழுதிக்கொடுத்தால் பையனை மறுபடி பார்ப்பதாகப் பயிற்சியாளர் சொன்னாராம். திங்கட்கிழமைக்குள் போக வேண்டுமாம். நான் யாருடைய படிப்பையும் கெடுக்கிறவன் இல்லை. பேனாவை எடுங்கள், நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், கையெழுத்தை நான் போடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, கடைசியில் நான் சொல்கிறபடி எழுதி, ஓர் எழுத்தும் அடிக்காமல் அனுப்ப வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்.

சங்கிலியில் ஐந்து அங்குலம் சேர்த்தது நான்தான். அதில் நாலு அங்குலத்தை அவனே ஓடிவிட்டான். உண்மையிலேயே மதிப்புள்ள ஓட்டக்காரனாக இருந்தால், மிச்சம் ஓர் அங்குலத்தையும் ஓடியிருப்பான்.