வெட்டம் வேறு, வெளுப்பு வேறு

தலைமை ஏற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் கிருஷ்ணமணி அவர்களே, முட்டத்திலிருந்து வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை கிளாரா அவர்களே, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் ஸ்டுடியோ நண்பர்களே! நாகர்கோவிலில் கலர் லேப் நடத்தும் நேசமணி பேசுகிறேன்.

மேடையேறும்போது ஒருவர் என் காதில் சொன்னார்: "அண்ணே, இரங்கல் கூட்டமாக்கும். சண்டைய இழுக்காதீங்க." நம்மைப் போலவே ஸ்டுடியோ நடத்திய வண்ணக் கலைஞர் யேசுரத்தினத்தைப் பற்றிச் சண்டையில்லாமல் எப்படிப் பேசுவது? ஒன்பது வருடம் தனியாக நின்று நம்மோடு சண்டை போட்டவர் அல்லவா அவர்! நாற்பத்திரண்டு வயதில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த நாற்காலியிலேயே மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அதற்காக அவருடைய சண்டையும் முடிந்துவிட்டதா?

2004-இல் நம் ஸ்டுடியோக்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை லேயராக வைக்கலாம், இரண்டும் எப்படிக் கலக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம் என்று கற்றுக்கொண்டோம். கற்று என்ன செய்தோம்? பெண்ணின் முகத்தின் மேல் அதே முகத்தை வைத்து, 'ஸ்க்ரீன்' என்ற முறைக்கு மாற்றினோம். முகம் வெளுத்தது. அதற்கு 'வெட்டம் போடுறது' என்று நாமே ஒரு பெயரும் வைத்தோம். கேட்டால், வெட்டம் என்றால் வெளிச்சம்தானே, வெளிச்சம் கூட்டினோம் என்போம்! யேசுரத்தினமும் போட்டார். நானும் போட்டேன். இங்கே போடாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்க்கிறேன்.

2006-இல் முட்டத்து மத்தியாஸ் அண்ணன், மகள் ஜின்சியின் படத்தைக் கல்யாண ஆலோசனைக்காக எடுக்க வந்தார். யேசுரத்தினம் வழக்கம்போல வெட்டம் போட்டுக் கொடுத்தார். படத்தைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண் சாயாத் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா படத்தையும் பெண்ணையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "போட்டோல உள்ள பிள்ளைய விளிங்க."

ஜின்சி மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். இதைச் சொல்லச் சொன்னதே அவள்தான்.

மறுநாள் மத்தியாஸ் அண்ணன் கடைக்கு வந்தார். கத்தவில்லை. படத்தை மேசையில் வைத்து ஒன்றே ஒன்று கேட்டார்: "எனக்க பிள்ளைக்க மொகத்துல என்ன கொறவு கண்டீரு?" நண்பர்களே, இதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா?

அன்று தொடங்கினார் யேசுரத்தினம். ஒவ்வொரு கலப்பு முறையாக எடுத்துப் பார்த்தார். மல்டிப்ளை வைத்தால் நிழல் கனத்து முகம் இருண்டது. ஓவர்லே கொஞ்சம் கூடினால் தோல் செம்பட்டையாக எரிந்தது. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் லேயரை விரித்து, 'சாஃப்ட் லைட்' முறையில் வைத்தார். வைத்ததே தெரியாது. அதில் மெல்லிய பிரஷ்ஷால், வெயில் எங்கே தானாக விழுமோ அங்கே மட்டும், கன்னத்து மேட்டிலும் மூக்குத் தண்டிலும், தொட்டுத் தொட்டு ஒளி ஏற்றினார். கறுப்பு கறுப்பாகவே இருந்து மினுங்கியது! ஒவ்வொரு சோதனையையும் என் லேபில் துண்டு துண்டாக அச்சிட்டு, தெருவில் போகிறவர்களை நிறுத்தி, வெயிலில் அவர்கள் கைத்தோலோடு ஒட்டிப் பார்த்தார். "ஏலே, எனக்க பேப்பரத் தின்னவா வந்திருக்க?" என்று ஏசினேன். அவர் சிரித்தார். "அண்ணே, வெட்டம் வேற, வெளுப்பு வேற. இத்தன நாளு நாம ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிட்டோம்" என்றார்.

ஜின்சியை மறுபடி படம் எடுத்து, அவரே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு ஒரு முகத்தையும் அவர் வெளுக்கவில்லை. வந்தவர்கள் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனார்கள். திருவட்டாற்றில் ஒரு கல்யாண ஆல்பத்தை முகத்தில் வீசாத குறையாகத் திருப்பித் தந்தார்கள். சங்கக் கூட்டத்தில் அவரை 'கறுப்பு ஸ்டுடியோ' என்று கேலி செய்தோம். அவர் அசைந்தாரா? அந்தப் பெயரையே போர்டில் எழுதி மாட்டிய மனிதர் அவர்!

மௌன அஞ்சலியைக் கடைசிக்குத் தள்ளி வைக்கச் சொன்னது நான்தான். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்வேன். எனக்குப் பின்னால் மாலை போட்டு வைத்திருக்கும் படத்தைப் பாருங்கள். அது நான் செய்தது. அழுதுகொண்டே செய்தேன், கை பழக்கத்தில் ஸ்க்ரீன் போட்டுவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. காலையில் கிளாரா வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, இது ஆரு?"

செத்த பிறகும் அவரை விடமாட்டோமா நாம்?

லேபுக்குத் திரும்ப ஓடினேன். அவர் கண்டுபிடித்த முறையிலேயே வேறு படம் அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தச் சபைக்கு முன்னால் சொல்கிறேன்: இன்றிலிருந்து என் லேபில் ஒரு முகமும் வெளுக்காது. வேறு லேபுக்குப் போவார்களா? போகட்டும்! சங்கத்துக்கு வருத்தமா? இருக்கட்டும்! என்னோடு நிற்பவர்கள் நில்லுங்கள். நிற்காதவர்களுக்காக நான் காத்திருக்கப் போவதில்லை.

தங்கை கிளாரா, மேடைக்கு வாம்மா. அந்தப் படத்தை உன் கையால் இறக்கு. இதை மாட்டு.

பாருங்கள். இவர்தான் யேசுரத்தினம். இப்போது எழுந்து நில்லுங்கள், இவருக்கு அஞ்சலி செலுத்துவோம்.