பட்டிமன்றத்தில் விழுந்த குடம்

அட, கதவைச் சாத்தாதீங்க அம்சவேணி மதினி, இந்தக் குளிர்ல விரல் நசுங்குனா உயிரு போயிரும். காஜர் அல்வா கொண்டாந்திருக்கேன். கோவம் ஜூலியா அப்பா மேலதான, அல்வா என்ன செஞ்சுச்சு உங்களை? ம், அப்படி உக்காருங்க. நீங்க பேச வேண்டாம், இந்த இன்பராணி ஒருத்தி பேசுதது போதாதா?

அண்ணாச்சி இல்லையா? மலை மந்திர் கோயிலுக்கா? அச்சா. தினமும் சாயங்காலம் போறாவளோ? நல்லது, நல்லது. நான் எங்க சிரிச்சேன்? இருமல் மதினி.

தப்பு பூரா நம்ம தமிழ் மன்றத்து செயலாளர் மேலதான். பொங்கல் விழாவுக்கு வருசா வருசம் மாமியாரா மருமகளான்னு பட்டிமன்றம் வச்சாவ, ஒழுங்கா நடந்துச்சு. இந்த வருசம் வீடியோ கேம் பிள்ளைகளை ரவுடியாக்குமா ஆக்காதான்னு வச்சாவ. அதுலயும் யாருக்கு எந்தக் கட்சின்னு சீட்டுக் குலுக்கிப் போட்டாவ. ஜூலியா அப்பா ஆபீஸ்ல இருந்து வந்து ஷூவைக்கூடக் கழத்தாம கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து படபடன்னு சுடுத ஆளு. அவியளுக்கு ஆக்கும்ங்கிற கட்சி. மவுசைத் தொட்டே பாக்காத உங்க வீட்டு அண்ணாச்சிக்கு ஆக்காதுங்கிற கட்சி. வெளங்குமா?

அண்ணாச்சி நல்லாத்தான் பேசுனாவ. அடிக்கது மனுசன் குணம், பொட்டியோட குணம் இல்லைன்னப்ப நானே கை தட்டிட்டேன், எதிர்க்கட்சிங்கிறதே மறந்துபோச்சு. இவியளுக்குப் பொறுக்குமா? பொண்டாட்டிய இழுக்காம நம்ம ஆளுகளுக்குப் பட்டிமன்றம் பேச வராதுல்லா. என்னைய இழுத்திருக்கலாம், பழகுனவதான். உங்களை இழுத்தாவ. பாலு அண்ணாச்சி வீட்டுச் சாம்பாரைத் தினம் தாங்குத மனுசனை எந்தத் துப்பாக்கி ஆட்டமும் ஒண்ணும் செய்யாதுன்னுட்டாவ. சபையே சிரிச்சுது. மாதாவாணை, நான் சிரிக்கலை. உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

அண்ணாச்சி எந்திச்சாவ. சிறந்த பேச்சாளருக்குன்னு மேசையில வச்சிருந்த எவர்சில்வர் குடத்தை எடுத்தாவ. டங்! மைக் ஆன்ல இருந்துச்சா, பின்வரிசையில தூங்கிக்கிட்டிருந்தவியல்லாம் சாப்பாட்டு மணின்னு நெனச்சு எந்திச்சுப் போயிட்டாவ.

நடுவர் தீர்ப்பே சொல்லாம பின்வாசல் வழியா ஓடிட்டாவ. என்னத்தச் சொல்லுவாவ, பாவம்? பொழுதன்னிக்கும் சுடுத ஆளு அடி வாங்கிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரிக்காவ. ஒருநாளும் ஆடாத ஆளு அடிச்சுட்டு நிக்காவ. நெத்தியில கொழுக்கட்டையா வீங்குனது மறுநாளே வடிஞ்சிட்டு, பயப்படாதீங்க. குடத்துலதான் நெளிசல். நெளிஞ்ச குடத்தை யாரு வாங்குவாவன்னு செயலாளர் அதை எங்க தலையிலயே கட்டிட்டாவ.

எனக்கு பஸ்தான் மதினி தாங்கலை. சார்ட்டர்டு பஸ்ல உங்க ஜன்னல் சீட்ல என் டிபன் பையை வச்சுக்கிட்டு, சரோஜினி நகர்ல இருந்து லோதி ரோடு வரைக்கும் ஊமையாப் போறேன். மேடம் எங்கன்னு கண்டக்டர் பையா தினமும் கேக்கான். வருவாவன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடலை, உள்ளதைச் சொல்லுதேன்.

நீங்க என்னடான்னா, அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதுன்னு அண்ணாச்சிக்கும் உத்தரவு போட்டிருக்கீங்களாமே. யாரு சொன்னாவளா? அண்ணாச்சிதான். எப்பவா? இப்பத்தான், நான் கிளம்பும்போது.

மலை மந்திரும் இல்லை, ஒண்ணும் இல்லை மதினி. மறுநாளே எங்க வீட்டுக்கு மன்னிப்புக் கேக்க வந்தாவ. ஒண்ணும் செய்யாதுன்னு பேசுனீங்களே அண்ணாச்சி, ஒருதரம் ஆடித்தான் பாருங்களேன்னு இவிய மவுசைக் கையில குடுத்தாவ. அம்புட்டுதான். அன்னைல இருந்து ரெண்டு பேரும் ஒரே ரஜாயைப் போத்திக்கிட்டு, விடாத, சுடு, அந்தா ஓடுதான்னு ஒரே கூத்து. வீட்டுக்குத் திரும்பும்போது பூசிக்கிட திருநீறை மட்டும் சட்டைப்பையில மடிச்சு வச்சிருக்காவ.

எங்க எந்திக்கீங்க? ஸ்வெட்டரைப் போடுங்க முதல்ல, ஜல்தி. என் வீட்டுக்காரர் உங்க முன்னால தலைகுனிஞ்சு மன்னிப்புக் கேக்கட்டும். கேக்கலைன்னா குடம் அங்கனதான இருக்கு? இந்தத் தரம் நீங்க அடிங்க, நான் தலையைப் புடிச்சுக்கிடுதேன்.