ஐம்பது யூரோ வென்றால் எழும்புவது

டோர்ட்மண்டிலிருந்து மலைமேலுள்ள சூதாட்ட மண்டபத்துக்குப் போகும் மத்தியானப் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அம்பது யூரோ வெண்டோடனை எழும்பிடுவன். போக்கர் மெஷினுக்குக் கட்டுப்பாடுதான் முக்கியம்,” என்றார் கணவர்.

“போன கிழமையும் எழும்பினனீங்கள்தான். எழும்பிப் போய்ப் பக்கத்து மெஷினிலை இருந்தனீங்கள்.”

“அது வேறை மெஷின். அதுக்குப் புதுசா அம்பது.”

இவ்வளவு நேர்த்தியான நிர்வாக விளக்கத்தை, மற்றவர்களுக்கு விதிகளை நினைவூட்டியே கழிந்த என் முப்பது வருட அலுவலக வாழ்க்கையில் நான் கேட்டதில்லை.

“வெண்ட அம்பதோடை வீட்டை வந்த ஒரு நாளைச் சொல்லுங்கோ பாப்பம்.”

அவர் சட்டைப் பையிலிருந்த காசை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

“இண்டைக்கு உள்ளை போனீங்களெண்டால் நான் அக்கா வீட்டை போறன். திரும்பி வரமாட்டன்.”

“சும்மா வெருட்டாதையும்.”

“வெருட்டேல்லை. உடுப்பும் கொண்டந்திட்டன்.” மடியிலிருந்த பையைத் தட்டிக் காட்டினாள்.

பேருந்து கடைசித் தரிப்பில் நின்றது. அவர் அடையாள அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அது இல்லாமல் அந்த மண்டபத்துக்குள் ஒருவரையும் விடமாட்டார்கள்.

“பிடியும். நான் கேட்டாலும் தராதையும்.”

“கேட்டுப் பாருங்கோ!”

இருவரும் இறங்கவில்லை, அதே பேருந்தில் திரும்பத் தீர்மானித்துவிட்டார்கள். வந்த பயணச்சீட்டிலேயே திரும்பிப் போக முடியாது, புதிது வாங்கவேண்டும் என்பது விதி. ஒரு விதியை யாருக்கும் நினைவூட்டாமல் நான் இறங்கிய முதல் பேருந்து அதுதான்.