குறையில்லாத பிள்ளை

“அவ டீயே தொடமாட்டா மேடம். இந்த வயசுலயும் பால்தான். குடிச்சிட்டு மேலுதட்டத் துடைக்காம மீசையோட வீடு முழுக்கச் சுத்துவா.”

நான் இதைச் சொன்னதும் நீங்கள் சிரித்துவிட்டீர்கள். என் நாத்தனாரைப் பற்றி வேறு ஏதோ சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்த்துத்தான் குழந்தைகள் வார்டை ஒட்டிய இந்தச் சின்ன அறைக்கு என்னைக் கூட்டிவந்தீர்கள். மூலையில் சக்கரம் கழன்ற பொம்மை லாரி. மேசைமேல் நீங்கள் வாங்கித் தந்த டீ. என் மகன் மூன்று முறை மூச்சுத் திணறி இங்கே வந்திருக்கிறான். கடைசி இரண்டு முறையும் அவனைக் குளிப்பாட்டியவள் என் நாத்தனார். அது அவளுடைய கவனக்குறைவா, அதற்கும் மேலா என்று விசாரித்துச் சொல்வது குழந்தைகள் நல அதிகாரியான உங்கள் வேலை. அதைப் பொறுத்துத்தான் அவள் இனிமேல் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் போக முடியுமா முடியாதா என்பது இருக்கிறது. எனக்கு அது தெரியும். அதனால்தான் கதவைச் சாத்தச் சொன்னேன்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் சட்டையை விளக்குக்கு நேரே விரித்துத் தையல் விட்டிருக்கிறதா, காலர் கோணியிருக்கிறதா, பட்டன் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் டேமேஜ் பெட்டியில் போட வேண்டும். குறையே வராத நாள்தான் நல்ல நாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்களுக்கு அதுதான் கெட்ட நாள். பெட்டி காலியாகக் கிடந்தால் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பார்.

“என்னம்மா, கண்ணத் திறந்துக்கிட்டே தூங்கற வித்தைய யாரு சொல்லிக்குடுத்தா?” என்பார்.

அதனால் எங்கள் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. நெடுநேரம் எல்லாம் நல்ல பீஸாகவே வந்தால், ஒன்றை எடுத்து அக்குள் பக்கத் தையலை நகத்தால் லேசாக நெம்பிவிடுவோம். பிறகு பெட்டியில் போட்டுவிடுவோம். எல்லோரும் செய்தோம். மறுபடி தைத்து அனுப்பிவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் குறையாது. ஆனால் அப்படிச் செய்தவுடன் நெஞ்சுக்குள் ஒரு அமைதி வரும். எங்கிருந்தோ வரப்போகும் குறைக்காகக் காத்திருப்பது முடிந்துவிடும். இதோ குறை, இந்த இடத்தில் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன் என்ற அமைதி. அந்த அமைதியை வேறு எதிலும் நான் அறிந்ததில்லை.

வயிற்றில் பிள்ளை தரித்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டேன். ஒவ்வொரு ஸ்கேனிலும் டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு “எல்லாம் நல்லா இருக்கு” என்பார். வெளியே வந்து படி இறங்குவதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சரியாகப் பார்த்தாரா? எதையோ பேசிக்கொண்டே பார்த்தாரே. அவன் அசைந்தால், ஏன் இப்படித் துடிக்கிறான் என்று பயம். அசையாவிட்டால் சொல்லவே வேண்டாம். கம்பெனியில் சட்டையை விரித்துப் பிடித்தபடி வயிற்றுக்குள் காதை வைத்திருப்பேன். ஒருநாள் டாக்டரிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார்.

“முதல் பிரசவம்னா அப்படித்தான் இருக்கும். நல்லதையே நினைங்க.”

நல்லதையே நினைக்க முடியாதது என் குணத்தில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது.

அவன் நல்லபடியாகப் பிறந்தான். கை, கால், காது, எல்லாம் கச்சிதம். துணியை விலக்கி விளக்குக்கு நேரே வைத்துப் பார்த்தேன். ஒரு குறைகூட இல்லை. மற்ற அம்மாக்கள் இந்த இடத்தில் அழுவார்களாம், ஆனந்தத்தில். நான் முதலிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் துணையாக என் வீட்டுக்காரரின் தங்கை வந்தாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள், காப்பகத்தில் வேலைக்குச் சேர இன்னும் நாள் இருந்தது. வாய் ஓயாது அவளுக்கு. என் மகனுக்கு முதலாளி என்று பெயர் வைத்தாள். “முதலாளி முழிச்சாச்சு, எல்லாரும் வேலையப் பாருங்க” என்று கத்திக்கொண்டே அவனைத் தூக்குவாள். நான் தொட்டில் பக்கத்தில் குனிந்து அவன் மூக்கருகே விரலை வைத்திருப்பதைப் பார்த்தால் இடுப்பில் கையை ஊன்றிக்கொள்வாள்.

“அண்ணி, அவன் மூச்சு விடறத இப்படிக் குறுகுறுன்னு பாத்துக்கிட்டே இருந்தா அவனுக்கே வெட்கமா இருக்காதா? கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க. பாவம், நிம்மதியா நாலு மூச்சு விடட்டும்.”

நானும் சிரிப்பேன். அவள் நகர்ந்ததும் மறுபடி விரலை வைப்பேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர். “கயிறு அறுந்துடுமோன்னு நினைச்சுக்கிட்டே நின்னா எவனும் மாடி ஏற முடியாதும்மா” என்பார். கயிற்றைப் பார்த்தவர் அவர், அவருக்குச் சொல்வது சுலபம். எனக்குத் தூக்கம் போயிற்று. பகலில் நின்றபடியே கண் சொக்கும். பாலூட்டும்போது அவன் முகம் இரண்டாகத் தெரியும். பசி, ருசி எல்லாம் யாருக்கோ நடப்பது போல் இருந்தது.

முதல் முறை வந்த சளி உண்மையான சளி. அதை நம்புங்கள். வீட்டில் எல்லோருக்கும் தும்மல், அவனுக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. இங்கே சேர்த்தோம். அவன் பாதத்தில் சிவப்பு விளக்கு எரியும் சின்னப் பட்டையைச் சுற்றி ஒரு பெட்டியோடு இணைத்தார்கள். பெட்டியில் பச்சை எண் ஓடியது. எண் இறங்கினால் சத்தம் வரும், யாராவது ஓடிவருவார்கள் என்று நர்ஸ் சொன்னார். அவனுக்கு நோய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பக்கத்துக் கட்டிலில் தலையைச் சாய்த்தேன். மேடம், அன்றைக்குத் தூங்கிய மாதிரி நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூடத் தூங்கியதில்லை. ஏதோ ஆற்றின் அடியில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடந்தேன். எழுந்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவனுக்குச் சரியாகிவிட்டது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் நன்றாகப் பால் குடித்தான், நன்றாகச் சிரித்தான். நாளாக ஆக இன்னும் நன்றாக ஆனான்.

ஒருநாள் மத்தியானம், குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. என் நாத்தனார் அவனைக் குளிப்பாட்டித் துடைத்து, துண்டில் சுற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுத் துணி அலசப் போனாள். சாத்திவிட்டுத்தான் போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தை நான் கேட்டேன். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். தொட்டித் தண்ணீரில் துண்டை நனைத்தேன். அதையே மறுபடி சுற்றினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அம்மா ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்திருப்பான். உதடு நிறம் மாறும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவனை விட்டு நான் நகரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பிறகு துண்டை எடுத்து உலர்ந்த துணியைச் சுற்றினேன். மறுநாளும் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் இருமல் வந்தது. நெஞ்சுக்குள் அந்த அமைதியும் வந்தது.

இதை இப்படிக் கோவையாகச் சொல்ல வருகிறதே என்று எனக்கே கூசுகிறது. நீங்கள் என்னைப் பார்க்காமல் அந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லதுதான்.

இரண்டாம் முறை இங்கே வந்தபோது வார்டு நர்ஸ், வயதான அந்தக் கண்ணாடிக்காரர், குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை இருக்கட்டும். நீங்க எப்படிம்மா இருக்கீங்க? தூங்கறீங்களா? பயமா கியமா இருக்கா? இருந்தா சொல்லுங்க, அதுக்கும் டாக்டர் இருக்காங்க. நிறைய பேருக்கு வர்றதுதான்.”

ஒருவரும் கேட்காத கேள்வி. வாயைத் திறந்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவனை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ, ஊர் சிரிக்குமோ என்று தோன்றியது. வாயிலிருந்து வேறொன்று வந்தது.

“எனக்கென்ன சிஸ்டர். என் நாத்தனார்தான் குளிப்பாட்டறா. சின்னப் பொண்ணு. ஜன்னலச் சாத்த மறந்துடறா.”

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு சட்டையைத் தூக்கிப் பெட்டியில் போடும் நேரம்கூட ஆகவில்லை.

என் வீட்டுக்காரர் தங்கையை வாய்க்கு வந்தபடி திட்டினார். “படிச்சுக் கிழிச்சது இதுதானா?” என்று கேட்டார். பிறகு அவள் என்னிடம் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“சாத்தினேன்னுதான் அண்ணி நினைக்கிறேன். தாழ்ப்பாளத் தொட்டது கையில ஞாபகம் இருக்கு. ஆனா நீங்களே திறந்திருந்துச்சுன்னு சொல்றப்போ... என்னால அடிச்சுச் சொல்ல முடியல. நான் மறந்திருப்பேன். நீங்க ஏன் பொய் சொல்லப்போறீங்க?”

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். பரவாயில்லை என்றேன். அன்றே அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே போயும் எல்லா ஜன்னலையும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறாளாம், சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோய்ப் பார்க்கிறாளாம். மாமியார் போனில் அழுதார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்று புரிந்தது. என் பயம் அவளுக்குப் போய்விட்டது. ஆனால் என்னிடம் இருந்ததும் குறையவில்லை.

அவளைத் திரும்பக் கூப்பிட்டது நான்தான். என் மகன் தேறிக் கொழுகொழுவென்று ஆகியிருந்தான். “பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா, முதலாளி உன்னத் தேடறான்” என்று போனில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கண் கலங்கி, “உன் மனசு யாருக்கு வரும்?” என்றார். அப்போது நானும் அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவள் இல்லாத வீட்டில் ஜன்னலைத் திறக்க எனக்குக் கை வரவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அவள் வந்தாள். குளிப்பாட்டியபின் ஜன்னலைச் சாத்தி, இழுத்துப் பார்த்து, என்னைக் கூப்பிட்டும் காட்டினாள். “பாத்துக்குங்க அண்ணி, சாத்தியாச்சு. நீங்களே சாட்சி.” ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் துணி அலசப் போனாள்.

இந்த முறை அவனுக்கு உதடு மட்டுமல்ல, நகமும் நீலமாகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான், செருப்புகூடப் போடாமல். வழியெல்லாம் “நான்தான், நான்தான்” என்று சொல்லிக்கொண்டே ஓடினாளாம். அதைக் கேட்ட டாக்டர்தான் உங்களுக்குச் சொல்லி அனுப்பினார். உங்களிடமும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள். நம்பாதீர்கள். அவளுக்கு அது உண்மை என்றே தோன்றுகிறது. அப்படித் தோன்ற வைத்தவள் நான். ஜன்னலைத் திறந்தது நான், துண்டை நனைத்தது நான், சாட்சி என்று தலையாட்டியவளும் நான். அவள் வேலைக்குப் போக வேண்டும். உலகத்தில் எந்தக் குழந்தையையும் அவளை நம்பி விடலாம்.

அவளுக்காகத்தான் இதைச் சொல்ல வந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுமட்டுமல்ல, இன்று காலை டாக்டர் வந்து நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். சளி சுத்தமாகப் போய்விட்டது, நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். அவன் நன்றாக இருக்கிறான். ஒரு குறையும் இல்லை.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். டாக்டரிடம்தான் போகிறீர்கள் என்று தெரிகிறது. போங்கள், தடுக்கமாட்டேன். கதவைத் திறப்பதற்கு முன் ஒன்றே ஒன்று.

“இவ்வளவும் தெரிஞ்சப்புறம் அவன நாளைக்கு வீட்டுக்கு அனுப்பமாட்டாங்க இல்ல மேடம்? இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே வச்சுப் பாப்பாங்கதானே? அப்படி வச்சா, அவன் பக்கத்துக் கட்டில வேற யாருக்கும் குடுத்துடாம எனக்கே குடுக்கச் சொல்றீங்களா? நான் எதையும் தொடமாட்டேன். அவனக்கூடத் தொடமாட்டேன். தூங்க மட்டும்தான்.”