நான் மறைத்த இருமல்

சங்கு ஊதுகிறது. நீளமாக, ஏறி இறங்கி. மாலை ஆறு முப்பத்தைந்து. 1971 டிசம்பர். போர் தொடங்கிய முதல் வாரம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பல்லாவரம் தாண்டியதும் மின்சார ரயில் நின்றுவிடுகிறது. விளக்குகள் அணைகின்றன. என் மடியில் என் மகள் பிரேமா. வயது நான்கு. உடம்பு வில்லாக வளைகிறது. பற்கள் நறநறக்கின்றன. கழுத்து கட்டையாக விறைத்திருக்கிறது.

குழந்தையைப் பார்க்க யாரோ தீக்குச்சி உரசுகிறார்.

"எவன்டா அவன்? நெருப்ப அணை! பிளேன் வந்துகினு கீதுடா!"

விமானம் வரவில்லை. அது ஒத்திகைச் சங்கு. எங்கள் மேல் ஒரு குண்டும் விழவில்லை. நாற்பது நிமிடம் இருட்டில் இருந்தோம். பிறகு பல வருடம், கேட்டவர்களிடம் எல்லாம் அந்த நாற்பது நிமிடத்தைத்தான் சொன்னேன். போர்தான் என் குழந்தையைக் கெடுத்தது என்றேன். பொய்.

நான் ஆசிரியை. குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதற்கு முந்தைய வருடம் எனக்குக் காசநோய் வந்தது. முக்காடு போட்டுக்கொண்டு தாம்பரம் போய் ஊசி போட்டுக்கொள்வேன். கணவருக்கு மட்டும் தெரியும். மருந்து தொடங்கிய நான்காம் மாதம் இருமல் நின்றது. மாத்திரைகளையும் நிறுத்தினேன். பள்ளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். தெருவுக்குத் தெரிந்தால் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். கணவரிடம், குணமாகிவிட்டதென்று டாக்டரே சொன்னதாகச் சொன்னேன். எழுபத்தொன்று ஜூலையில் இருமல் திரும்பியது. சாக்பீஸ் தூசி என்றேன்.

ஆஸ்பத்திரி ஜன்னல்களில் கறுப்புக் காகிதம். பிரேமாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால் மார்பில் படும்படி மடக்கிப் பிடிக்கிறார்கள். முதுகுத்தண்டில் ஊசி. சொட்டுச் சொட்டாக நீர். மூளையைச் சுற்றிய உறையில் கிருமி என்கிறார் டாக்டரம்மா. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து.

"வீட்ல யாருக்காவது டி.பி. இருந்திருக்கா?"

"இல்ல டாக்டர்."

கணவர் அப்போது வெளியே ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

பெனிசிலின் போட்டார்கள். மூன்று நாள். காய்ச்சல் இறங்கவில்லை. இடது கண் மாறுகண் ஆனது. மறுபடி நீர் எடுத்தார்கள். நான்காம் நாள் காலை டாக்டரம்மா ஒரு கண்ணாடிக் குழாயை என் முன்னால் தூக்கிப் பிடித்தார். நீருக்குள் சிலந்தி வலை போல மெல்லிய படலம்.

"இது டி.பி.தாம்மா. சொல்லுங்க. யாருக்கு இருந்தது?"

எனக்கு என்றேன். அவர் திட்டவில்லை. அன்றே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. மாத்திரைகளைப் பொடித்து மூக்குக் குழாய் வழியே கொடுத்தார்கள். எனக்கும் மருந்து எழுதினார்.

"வேற குழந்தைங்க உங்க வீட்டுக்கு வர்றாங்களா? வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. இப்பவே பாத்துட்டா காப்பாத்திடலாம்."

"யாரும் வர்றதில்ல."

நூர் வருவாள். பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவின் மகள். வயது மூன்று. நான் நோட்டுத் திருத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஜமீலா அக்கா ரயில் ஏறி வந்து எங்களுக்குக் கஞ்சி கொடுத்தார். "கவலப்படாதீங்க டீச்சர். அஞ்சு வேளையும் துவா கேட்டுகினு இருக்கேன்." கஞ்சியை வாங்கிக்கொண்டேன்.

போர் முடிந்தது. வார்டில் மிட்டாய் கொடுத்தார்கள். ஜனவரியில் பிரேமாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி தொடர்ந்தது.

அதே ஜனவரியில் நூர் வாந்தி எடுத்தாள். தொட்டதற்கெல்லாம் அழுதாள். விளையாட மறுத்துச் சுருண்டு படுத்தாள். ஜமீலா அக்கா வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தெரியும். பிரேமாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுவதைப் பத்து நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம். பதினோராம் நாள் வலிப்பு.

"டீச்சர்! ஓடியாங்க டீச்சர்! கொயந்த கண்ண சொருகுது!"

தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மாவிடம் அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். ஜமீலா அக்கா கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அவருக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மருந்து உடனே போட்டார்கள். நேரம் கடந்துவிட்டிருந்தது. பிப்ரவரியில் நூர் இறந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜமீலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணாவது பொழச்சாளே டீச்சர். நீங்க மட்டும் இல்லன்னா நூர ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிருக்க மாட்டேன்."

அப்போதும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர்கள் வீடு மாற்றிப் போனார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

போரில் எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. என்னால் செத்தது ஒருத்தி. நூர், வயது மூன்று. பிரேமாவுக்கு இரண்டு காதும் போயின. நோயாலா, ஊசியாலா என்று டாக்டரம்மாவாலும் சொல்ல முடியவில்லை. இடது கண்ணின் நேர்ப்பார்வையும் போயிற்று. "அம்மா" என்ற சொல் போயிற்று. அவள் அதை மறுபடி சொல்லவே இல்லை.

நான் பதினெட்டு மாதம் மருந்து சாப்பிட்டேன். முழுதாகக் குணமானேன்.